பாம்பு சீறினால் யாரைக் கூப்பிடுவது?

சேலத்தில் தலை, கழுத்து அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர்களுக்கும், அந்த வார்டுகளில் ராப்பகலாக நிற்கும் நர்ஸ்களுக்கும், டிஸ்சார்ஜ் தாளில் எங்களிடம் கையெழுத்து வாங்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

நான் அம்மாபேட்டையில் ஜாக்கெட் தைக்கிறவள். அப்பா ஏற்காட்டுக்காரர். ஒரு காபி எஸ்டேட்டில், சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி மிளகு பறித்தே வயசைக் கழித்தவர். வாயில் எப்போதும் வெற்றிலை, பாக்கு, கூடவே ஒரு கிள்ளு புகையிலை. போன வருஷம் இடது கன்னத்துக்குள் ஆறாத புண் வந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. சதையை எடுத்துப் பரிசோதனை, புற்று என்று ரிப்போர்ட், ஸ்கேன், ஆபரேஷன். கன்னத்தையும் தாடையில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். கழுத்தில் நெறி கட்டியிருந்ததையும் எடுத்தார்கள். நெஞ்சுச் சதையைத் தோலோடு திருப்பிக் கொண்டுவந்து பள்ளத்தை மூடினார்கள். கழுத்துத் தோலுக்கு அடியில் அந்தச் சதையை நுழைத்து இழுத்து, கன்னத்தில் ஒட்டுப் போட்டிருந்த நேர்த்தியைப் பார்த்து, தையற்காரி நானே வாயடைத்துப்போனேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கைவேலையில் குறை சொல்ல இந்த மடல் இல்லை. காயத்தில் மெஷினை மாட்டி வீட்டுக்கு அனுப்பும்போது எதையும் சொல்லித்தராததைப் பற்றித்தான்.

எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. பெயர் போட்டால் மற்றவர்கள் “நம்ம இடம் இல்லையே” என்று நிம்மதியாகப் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள்.

ஒன்பதாம் நாள் கழுத்துத் தையல் ஓரம் சிவந்தது. மறுநாள் விரிந்தது. அதிலிருந்து தண்ணியாக, நூல் நூலாக வந்தது. சீழ் என்று நினைத்தேன். எச்சில் என்றார்கள். வாய்க்குள் போட்ட தையல் எங்கோ விட்டுப்போய், எச்சில் கழுத்து வழியாக வழி கண்டுபிடித்துவிட்டதாம். எச்சில் படுகிற சதை ஊறி அழுகும், கட்டு மாற்றிக்கொண்டே இருந்தாலும் ஊறிக்கொண்டேதான் இருக்கும் என்று சின்ன டாக்டர் சொன்னார். மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து உள்ளிருந்து தைத்து, வெளிப்பள்ளத்தில் ‘வேக்’ என்று ஒரு மெஷின் கட்டு போட்டார்கள்.

கையெழுத்து வாங்கிய படிவத்தில் அதற்குத் தமிழ்ப்பெயர் இருந்தது: எதிர்மறை அழுத்த சிகிச்சை. அப்பா வாயைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது என்று உத்தரவு. அதனால் கையில் பேத்தியின் சிலேட்டு. அதில் எழுதிக் காட்டினார்: ‘எதிர்மறைன்னா கெட்டதா?’ எனக்கும் அதே சந்தேகம்தான். யாரைக் கேட்பது என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு நர்ஸ் ஒருத்தர் வேலை பார்த்துக்கொண்டே விளக்கினார். அவருக்குக் கோடிப் புண்ணியம். கறுப்பு நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சு. பொடிப்பொடி ஓட்டைகள். அதைக் காயத்தின் அளவுக்கு வெட்டி உள்ளே வைப்பார்கள். மேலே கண்ணாடி போன்ற ஒட்டும் ஜவ்வு. ஜவ்வில் ஓர் ஓட்டை, அதில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் டப்பாவோடு ஒரு சின்ன மோட்டார். சுவிட்சைத் தட்டினால் மோட்டார் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும். புஸ்ஸென்று இருந்த ஸ்பாஞ்சு ஒரு நொடியில் சுருங்கிச் சுண்டைவற்றல் மாதிரி ஆகிவிடும். அந்த இழுப்பில் காயத்தின் ஓரங்கள் நடுவை நோக்கி வரும், கசிவெல்லாம் டப்பாவுக்குப் போகும், வீக்கம் வற்றும், புதுச்சதை சிவப்பாகத் துளிர்விடும். அவ்வளவுதான் எதிர்மறை. வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தம் குறைவு என்று அர்த்தம். ‘உறிஞ்சுகட்டு’ என்று படிவத்தில் போட்டிருந்தால் அப்பாவுக்கே புரிந்திருக்கும்.

அவர் ஸ்பாஞ்சை வெட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை. கத்தரியையும் ஸ்பாஞ்சையும் கட்டிலை விட்டு எட்டக் கொண்டுபோய்த்தான் வெட்டினார். வெட்டிய ஓரத்தை விரலால் தேய்த்துப் பிசிறை உதிர்த்தார். ஏன் என்று கேட்டேன். காயத்துக்கு மேலே வைத்து வெட்டினால் துகள் உள்ளே விழுந்து தங்கிவிடுமாம். அப்புறம் உள்ளே வைத்த துண்டுகளை எண்ணி, ஜவ்வின் மேலேயே பேனாவால் ‘2’ என்று எழுதினார். அடுத்த முறை பிரிக்கும்போது இரண்டு வெளியே வந்தாக வேண்டும். ஒன்று உள்ளே தங்கினால் அதைச் சுற்றிச் சீழ் பிடிக்கும். கடை சாத்துமுன் நான் ஊசி எண்ணுவது மாதிரி. இப்படி ஒரு ஒழுங்கு உங்களிடம் இருக்கிறது. அந்த ஒழுங்கு ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி எங்களோடு வரவில்லை என்பதுதான் என் வழக்கு.

அப்பாவுக்கு எழுத்துப்பிழை ஜாஸ்தி. இரண்டாம் நாள் சிலேட்டில் ‘பம்பு தூங்குதா?’ என்று கேட்க நினைத்து ‘பாம்பு தூங்குதா?’ என்று எழுதிவிட்டார். வார்டே சிரித்தது. குழாயும் வளைந்து நெளிந்து கட்டிலில் கிடந்தது. அன்றிலிருந்து அது எங்களுக்குப் பாம்புதான். ஜவ்வில் எங்காவது ஓரம் தூக்கினால் காற்று உள்ளே ஓடும், ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வரும். “பாம்பு சீறுதுங்க சிஸ்டர்” என்று கூப்பிடுவோம். அவர் வந்து ஒரு துண்டு ஜவ்வு ஒட்டுவார். சீறல் நிற்கும்.

கழுத்தில் இந்த ஜவ்வை ஒட்டவைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். காலில், முதுகில் என்றால் சமதளம். கழுத்திலோ ஒரு பக்கம் தாடை எலும்பு, ஒரு பக்கம் காது, கீழே காரை எலும்புப் பள்ளம். வளைவுக்கு வளைவு துணி வெட்டிக் கைக்குழி தைக்கிற மாதிரி. போதாததற்கு அப்பாவின் தாடி. மழித்த அன்று நன்றாக ஒட்டும். மூன்றாம் நாள் முள்ளாக முளைத்து ஜவ்வை அடியிலிருந்து தூக்கும். வியர்வை, எச்சில், இருமல் வேறு. வயிற்றில் ஓட்டை போட்டவர்களுக்குப் பை ஒட்டப் பயன்படுத்துவார்களே, அந்தப் பசையை வளைவுகளில் பூசி அடைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்கப் பாம்பு சீறவே இல்லை.

அதே வார்டில் வேறு இரண்டு பேருக்கும் இது ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தருக்குப் பல் வலியில் ஆரம்பித்தது, சர்க்கரை வேறு, கழுத்துச் சதையே அழுகி நெஞ்சுவரை இறங்கிவிட்டது. அழுகினதையெல்லாம் வெட்டி எடுத்துச் சுத்தமான பிறகுதான் வேக். செத்த சதைக்கு மேல் வைத்தால் பயனில்லை என்றார்கள். இன்னொருத்தி தறிப்பட்டறைப் பெண். மோட்டார் பெல்ட்டில் கூந்தல் சிக்கி உச்சந்தலைத் தோல் போய்விட்டது. வெறும் மண்டை எலும்பின் மேல் தோல் ஒட்டாதாம். எலும்பின் மேல் தகட்டைத் துளைத்து, ரத்தம் கசிகிற அடுக்குவரை போய், அதன்மேல் ஸ்பாஞ்சு வைத்து, புதுச்சதை வந்த பிறகு தொடைத் தோலை ஒட்டினார்கள். ஒட்டிய தோல் நகராமல் இருக்கவும் அதே ஸ்பாஞ்சுதான், ஐந்து நாள். அந்தப் பெண் இப்போது தலையில் துப்பட்டா போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். எனக்கு இந்த மெஷின் மேல் ஒரு கோபமும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் அக்கா மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் தேடிப் படித்துச் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்துப்போனது. இந்த முறையைப் பன்றிகளில் சோதித்து, பிறகு நோயாளிகளுக்கு வைத்து, 1997இல் கட்டுரைகளாக எழுதி உலகம் முழுக்கப் பரப்பியவர்கள் மைக்கேல் மொரிக்வாஸ், லூயி அர்ஜென்டா என்ற இருவர். அவர்கள் வேலை பார்த்த ஊர் அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள வின்ஸ்டன்-சேலம். வின்ஸ்டன் ஓர் ஊர், சேலம் ஓர் ஊர், 1913இல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆக இந்தப் பாம்பு சேலத்தில் பிறந்து சேலத்துக்கு வந்திருக்கிறது! அவர்கள் பன்றிகளில் கண்டுபிடித்த உறிஞ்சும் அழுத்த அளவுதான் இன்றைக்கும் மெஷினில் வழக்கமாக வைக்கும் 125 மில்லிமீட்டர் பாதரசம். அந்த அளவில் காயத்தின் ரத்த ஓட்டம் நான்கு மடங்கு வரை ஏறியதாம். புதுச்சதை வழக்கமான கட்டைவிட 63 சதவீதம் அதிகமாகவும், விட்டுவிட்டு உறிஞ்சினால் 103 சதவீதம் அதிகமாகவும் வளர்ந்ததாம். அப்பாவுக்கு 125 வைக்கவில்லை, 75தான் வைத்தார்கள். கழுத்தில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அதை நெஞ்சுச் சதை போர்வை மாதிரி மூடியிருந்ததால்தான் துணிந்து வைத்தோம், அந்தப் பக்கம் கறுப்பு ஸ்பாஞ்சு வைக்காமல் நெருக்கமான வெள்ளை ஸ்பாஞ்சு வைத்தோம், கரண்ட் சிகிச்சை (கதிர்வீச்சு) ஏற்கெனவே கொடுத்த கழுத்தாக இருந்திருந்தால் இன்னும் யோசித்திருப்போம் என்றார் பெரிய டாக்டர். ஓரங்களில் நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் வைத்ததாகவும் சொன்னார். புற்று மிச்சம் இருக்கிற காயத்தில் இதை வைக்கக் கூடாதாம்.

இவ்வளவு யோசித்து வைத்தவர்கள், ஆறாம் நாள் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பியதற்குக் காரணம் நாங்கள்தான் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆபரேஷன் காப்பீட்டு அட்டையில் போனது. வேக் செட் அதில் வராது என்றார்கள். ஸ்பாஞ்சு, ஜவ்வு, குழாய் எல்லாம் சேர்ந்த ஒரு செட் எங்களுக்கு 6,500 ரூபாய், மூன்று நாளைக்கு ஒன்று. மெஷின் வாடகை தனி, ரூம் வாடகை தனி. இதையெல்லாம் முதல் செட் ஒட்டிய பிறகுதான் பில் கவுன்ட்டரில் தெரிந்துகொண்டோம். அம்மாவின் கம்மல் போயிற்று. “மெஷினோடு வீட்டுக்குப் போங்க, மூணு நாளைக்கு ஒருக்கா வந்து மாத்திக்கங்க” என்று சொன்னதும் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டேன். என் வீடு ஒரே அறை, அதிலும் பாதி தையல் மெஷின். அப்பாவும் மலைக்குத்தான் போவேன் என்று சிலேட்டில் அடிக்கோடு போட்டு எழுதினார்.

டிஸ்சார்ஜ் தாள் மூன்று பக்கம், முழுக்க இங்கிலீஷ். கடைசிப் பக்கத்தில் ‘வேக் கேர் எக்ஸ்ப்ளெயின்ட்’ என்ற வரிக்கு எதிரே ஒரு டிக். அதற்குக் கீழே என் கையெழுத்து. எனக்கு யாரும் எதையும் எக்ஸ்ப்ளெயின் செய்யவில்லை. டிக் அடித்தவருக்கு அன்றைக்குப் பதினோரு டிஸ்சார்ஜ், பாவம்.

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டைஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அப்பாவின் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, மூக்குக்குழாய் ஒரு பக்கம், பாம்பு ஒரு பக்கம். மலைமேல் காற்று லேசு ஆயிற்றே, மெஷின் சரியாக இழுக்குமா என்று தம்பிக்கு ஒரு சந்தேகம். நல்ல சந்தேகம்தான். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 760 என்றால், அங்கிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் 635 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் மெஷின் அளப்பது சுற்றியிருக்கும் காற்றைவிட எவ்வளவு குறைவு என்பதைத்தான். அதனால் 75 என்பது சேலத்திலும் 75, ஏற்காட்டிலும் 75. பின்னால் அக்கா மகள் சொல்லித் தெரிந்துகொண்டோம். அன்றைக்குக் கேட்க ஆள் இல்லை.

ரெண்டாம் ராத்திரி மழை. பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. மலையில் இது புதுசு இல்லை. மெஷினில் பேட்டரி இருக்கிறது என்று தெரியும். எத்தனை மணி நேரம் வரும் என்று தெரியாது. ரெண்டு மணி சுமாருக்குக் கத்த ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு, திரையில் இங்கிலீஷில் ஏதோ. செல்போன் வெளிச்சத்தில் பட்டன் பட்டனாக அமுக்கினேன். ஏதோ ஒன்றை அமுக்கியதும் கத்தல் நின்றது. நிம்மதியாகப் படுத்தேன். கத்தலைத்தான் நிறுத்தினேன், காரணத்தை இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரத்தில் அப்பா என் கையைத் தட்டினார். சிலேட்டில்: ‘பாம்பு செத்துடுச்சு.’

ஸ்பாஞ்சு மறுபடி புஸ்ஸென்று எழுந்திருந்தது. ஜவ்வுக்கு அடியில் தண்ணி தேங்கி, தொட்டால் ததும்பியது. டிஸ்சார்ஜ் தாளில் இருந்த நம்பருக்கு அடித்தேன். அது ரிசப்ஷன் நம்பர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது தடவை ஒருத்தர் எடுத்து, “டாக்டர் காலையில ஒன்பதரைக்கு வருவாருங்க” என்றார். வேன் கிடைத்து, மழையில் இறங்கி, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது மணி பத்து.

டாக்டர் கோபப்பட்டார். ரெண்டு மணி நேரத்துக்கு மேல் மெஷின் நின்றால் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு ஈரத்துணிக் கட்டு போட்டிருக்க வேண்டும், எட்டு மணி நேரம் எச்சிலை மூடிவைத்து ஊறவிட்டிருக்கிறீர்கள் என்றார். உண்மைதான். ஜவ்வைப் பிரித்ததும் வந்த நாற்றத்தில் நானே நகர்ந்து நின்றேன். புதுச்சதை வெளுத்து, ஓரம் ஊறிப்போயிருந்தது. மறுபடி தியேட்டர், மறுபடி மயக்கமருந்து, மறுபடி ஒரு செட். அவர் சொன்னது அத்தனையும் சரி. அதை டிஸ்சார்ஜ் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அன்றைக்கு அதையும் சொல்லவில்லை. அப்பாவின் காயம் அவர் கையில் இருக்கிறதே.

பயம் வந்தது அதற்கும் பிறகுதான். அடுத்த கட்டு மாற்றும்போது உப்புத்தண்ணி ஊற்றி ஊறவைத்து ஸ்பாஞ்சைத் தூக்கினார்கள். ஓட்டைகளுக்குள் புதுச்சதை வளர்ந்து பிடித்திருந்தது போலும், பொட்டுப் பொட்டாக ரத்தம் வந்தது. குழாயிலும் கொஞ்சம் ரோஸ் நிறம். இது சாதாரணம் என்றார் நர்ஸ். அப்படியானால் எது அசாதாரணம் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. குழாயில் பளீரென்ற சிவப்பு ஓடினால், டப்பாவில் ரத்தம் நிறைந்தால், மெஷினை உடனே நிறுத்தணும், ஜவ்வைப் பிய்க்கக் கூடாது, மேலே துணி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்துடணும் என்றார். கவனியுங்கள். கரண்ட் போய் மெஷின் நின்றால் கட்டைப் பிரிக்க வேண்டும். ரத்தம் வந்தால் கட்டைப் பிரிக்கவே கூடாது. இரண்டும் எதிரும் புதிரும். மலைமேல் ராத்திரி ரெண்டு மணிக்கு, செல்போன் வெளிச்சத்தில், ஒரு தையற்காரி இதில் எதைச் செய்திருப்பாள்?

இது என் மனப்பிராந்தி இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009 நவம்பரில் இதே மெஷின்களைப் பற்றி எச்சரிக்கை விட்டது. இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்கு வந்த தகவல்களில் 6 சாவு, 77 பேருக்குப் பாதிப்பு. 2011 பிப்ரவரியில் இன்னும் 6 சாவு, 97 பேருக்குப் பாதிப்பு என்று சேர்த்துச் சொன்னது. உடம்பின் பல இடங்களில் வைத்தவை அவை, கழுத்து மட்டும் இல்லை. அதில் மிகக் கொடியது ரத்தப்போக்கு. என் தூக்கத்தைக் கெடுத்த வரி வேறொன்று. அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை நடந்தது ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டிலும் நீண்டநாள் பராமரிப்பு இல்லங்களிலும். வீட்டுக்கு அனுப்புமுன் நோயாளிக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் சொல்லிக்கொடுங்கள், எழுத்தில் கொடுங்கள், அவர்களைச் செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள் என்றும் அதே எச்சரிக்கையில் இருக்கிறதாம்.

நான் கேட்பதும் அதுதான். மெஷின் வாடகையைக் குறைத்து வாங்குங்கள், இலவசமாகக் கொடுங்கள் என்று இப்போது கேட்கவில்லை (கொடுத்தால் சந்தோஷம்தான்). கழுத்துக் காயத்தோடு மெஷினை மாட்டி வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. எச்சில் ஒழுகும் காயத்தையும், பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்துக் காயத்தையும் அனுப்பாமல் இருப்பதே மேல் என்பது என் எண்ணம். அனுப்புவதானால் ஒரே ஒரு தாள் கொடுங்கள், தமிழில். பேட்டரி எவ்வளவு நேரம் வரும், எந்தக் கத்தலுக்கு என்ன அர்த்தம், சீறினால் ஜவ்வை எங்கே எப்படி ஒட்டுவது, டப்பா நிறைந்தால் என்ன செய்வது, நின்றுபோனால் எத்தனை மணிக்குள் யாரிடம் வருவது, உள்ளே எத்தனை ஸ்பாஞ்சுத் துண்டு இருக்கிறது, ரத்தம் வந்தால் நிறுத்து, பிய்க்காதே, அழுத்து, 108ஐக் கூப்பிடு. தாளின் தலையில் கொட்டை எழுத்தில் ஒரு போன் நம்பர். ராத்திரி ரெண்டு மணிக்கு எடுக்கிற நம்பர், ‘வேக்’ என்றால் என்ன என்று தெரிந்தவர் எடுக்கிற நம்பர். வார்டு நர்ஸ் மேசையில் உள்ள போனாகவே இருக்கட்டும். டிக் அடிப்பதற்குப் பதில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே மெஷினை நிறுத்தச் சொல்லி, போடச் சொல்லி, ஒரு துண்டு ஜவ்வு ஒட்டச் சொல்லிப் பாருங்கள். பத்து நிமிஷம். என்னிடம் புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்கு ஓவர்லாக் மெஷினைக் காட்டிக்கொடுக்காமல் ‘காட்டிக்கொடுத்தாயிற்று’ என்று நான் எழுதிவைத்தால், முதல் நாளே விரல் போகும்.

இன்னொன்று. 2021 ஆகஸ்ட்டில் இருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று ஊருக்குள் வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், படுக்கையில் கிடப்பவர்களையும் வந்து பார்க்கிறார்கள். எங்கள் மலையில் அந்த அக்காக்களுக்குத் தெரியாத வீடு இல்லை. இன்ன ஊருக்கு இப்படி ஒரு மெஷினோடு ஒருத்தர் வருகிறார் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். அன்றைய ராத்திரி ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போக எனக்குத் தோன்றவே இல்லை. போயிருந்தாலும், அங்கே இருந்த நர்ஸிடம் காட்ட என் கையில் ஒரு தாள் இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு நாளில் இறங்கி வா என்று சொன்னால் எப்படி இறங்குவது?

காசு விஷயத்தையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். ஒட்டுவதற்கு முன் சொல்லுங்கள். ஒரு செட் எவ்வளவு, எத்தனை செட் ஆகலாம், மெஷின் வாடகை நாளுக்கு எவ்வளவு. ஜாக்கெட்டுக்கே நாங்கள் துணியில் கத்தரி வைக்குமுன் கூலி சொல்லிவிடுகிறோம். வசதி இல்லாத இடங்களில் சுவரில் இருக்கும் சக்‌ஷனோடு குழாயைச் சேர்த்து இதே மாதிரி செய்து காப்பாற்றுகிற டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றும் அக்கா மகள் சொல்கிறாள். அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் அதிலும் அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்று இருக்க வேண்டும், கழுத்துக்கு ரொம்பவே வேண்டும் என்கிறாள். அதை உங்கள் பார்வைக்கு விட்டுவிடுகிறேன்.

அப்பா தேறிவிட்டார். அதற்குப் பிறகு வைத்த செட்டெல்லாம் வார்டிலேயே ஓடியது. டப்பாவில் வந்த கஞ்சித்தண்ணி நிறம் நாளுக்கு நாள் குறைந்து, கடைசி மூன்று நாளில் அடியில் ஒரு ஸ்பூன் அளவுகூட இல்லை. பள்ளம் மேடாகி, தோல் தானாக மூடிக்கொண்டது. இப்போது கூழாகக் கரைத்து வாயாலேயே சாப்பிடுகிறார். கரண்ட் சிகிச்சையும் முடிந்தது. பேச்சு குழறும், ஆனால் எனக்குப் புரியும். ரெண்டாம் சனிக்கிழமை போயிருந்தபோது, புகையிலைப் பையை எங்கே ஒளித்துவைத்தாய் என்று அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அது வேறு கதை, அதற்கு எந்த டாக்டருக்கு மடல் எழுதுவது என்று தெரியவில்லை.

நானும் அக்கா மகளும் சேர்ந்து அந்த ஒரு தாளைத் தமிழில் எழுதிவைத்திருக்கிறோம். அவளுடைய டீச்சர் ஒருத்தர் பார்த்து இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்தார். ரத்தம் வந்தால் என்ன என்பதைச் சிவப்பு மையில், மற்றதைக் கறுப்பில். போன் நம்பருக்கு மட்டும் கட்டம் போட்டுக் காலியாக விட்டிருக்கிறோம், அதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான், தப்பு இருந்தால் அடித்துத் திருத்துங்கள். ஜெராக்ஸ் எடுத்து அம்மாபேட்டைக் கடையில் வைத்திருக்கிறேன். யாராவது ஆளனுப்பினால் கொடுத்துவிடுவேன். மதியம் ரெண்டிலிருந்து மூணு வரை சாப்பாட்டுக்குப் பூட்டியிருக்கும், மற்ற நேரம் இருப்பேன்.

இப்படிக்கு,
அம்மாபேட்டைத் தையற்காரி